ஞாயிறு ஒன்பது மணி ஆள்

ஒன்பது அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மலையடிவாரத்தில் வேனின் பின்கதவைத் திறந்து சைக்கிளை இறக்குகிறார் நீல் டர்ன்புல். முன்சக்கரத்தை மாட்டுகிறார். இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்துவிட்டு முழங்கால் கவசங்களைக் கட்டிக்கொள்கிறார். அதோடு மலையேறிவிடலாம். ஏற மாட்டார். ஒன்பதே கால் வரைக்கும் வேனில் சாய்ந்து நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருப்பார். ட்வீட் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு கார் வந்து, வளைவில் வேகம் குறைத்தால் நிமிர்வார். பெரும்பாலும் அது நாயை நடத்திப் போக வந்தவர்களின் காராக இருக்கும்.

"வேற யாரும் வரலையா?" என்று அவர்கள் கேட்பார்கள்.

"வருவாங்க, வருவாங்க. ரோடு வழுக்குதுல்ல" என்பார்.

குளிர் தொடங்கிய நவம்பரிலிருந்து யாரும் வரவில்லை. சனிக்கிழமை மாலை சைக்கிள் குழுவுக்குப் போனில் செய்தி அனுப்புவார்: 'நாளைக்கு ஒன்பது மணிக்கு நான் இருப்பேன்.' பதிலுக்கு வரிசையாக ஏழு கட்டைவிரல் படங்கள் வந்து விழும். அந்த ஏழு பேருக்கும் அது 'சபாஷ்'. நீலுக்கு மட்டும் ஒவ்வொரு வாரமும் அது 'வர்றோம்' என்பதுபோலத் தெரியும்.

வயது ஐம்பத்திரண்டு. வீடுகளுக்குச் சூடேற்றும் கொதிகலன்களைப் பழுதுபார்ப்பது தொழில். குளிர்காலம் பூராவும் ஊரார் அடுக்களைகளில் முட்டி போட்டுக் கிடப்பார். டீ கொடுப்பார்கள், பிஸ்கட் கொடுப்பார்கள். வீடு சூடேறத் தொடங்கும் நேரம், அவர் கிளம்பவேண்டிய நேரம். மனைவி பிரிந்துபோய் ஆறு வருடமாகிறது. சண்டையெல்லாம் கிடையாது. "உன்கிட்ட பேசிப் பேசி எனக்கே அலுத்துப்போச்சு நீல், நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னாத்தானே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பெட்டிகளைக் காரில் ஏற்றிக் கொடுத்தது அவர்தான்.

மலைச் சைக்கிள் பழக்கம் வந்தது போன ஜூனில். ஷோனா கெர் என்கிற பிசியோதெரபிஸ்டின் வீட்டில் வேலை. நடைவழியில் சேறு அப்பிய சைக்கிள் ஒன்று நின்றது. "இதை வச்சுக்கிட்டு மலையிலயா ஏறுறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வந்து பாரு. எட்டு பேரு, நான் ஒருத்திதான் கொஞ்சம் தேறுனவ, மத்தது பூரா கத்துக்குட்டிங்க. விழுவோம், எந்திரிப்போம், அப்புறம் உக்காந்து கேக் தின்போம்."

யாரோ ஒருவர் விலகிய இடம் காலியாக இருந்ததால் நீல் எட்டாவது ஆளானார். பதினான்கு வயதுக்குப் பிறகு அவர் சைக்கிளைத் தொட்டதில்லை. பழைய வண்டி ஒன்று வாங்கினார். இறக்கத்தில் இருக்கையைத் தாழ்த்தி, எழுந்து நின்று, குதிகாலை அமுக்கக் கற்றுக்கொண்டார். கண்தான் சொன்னபடி கேட்கவில்லை. "கல்லப் பாக்காத நீல்! கல்லப் பாத்தேன்னா நேரா கல்லுலதான் போயி நிப்ப. வழியப் பாரு, வழிய!" என்று ஷோனா காடே அதிரக் கத்துவாள். தன் பெயரைச் சொல்லி யாராவது கத்திக் கேட்டு எத்தனை காலமாகிறது என்று நினைத்தபடியே போய்க் கல்லில் மோதுவார்.

ஏற்றத்தில் எப்போதும் கடைசி. செப்டம்பரில் ஒருநாள், மேலே மற்றவர்கள் காத்திருந்த இடத்துக்கு மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். கறிக்கடை ராப் சொன்னது மரங்களுக்கு இடையே தெளிவாகக் கேட்டது: "இவன் வந்து சேர்றதுக்குள்ள என் டீயே ஐஸ் ஆயிருது." எல்லாரும் சிரித்தார்கள். நீலும் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். ராப் நல்ல மனுஷன்தான், தன் குடுவையிலிருந்தே டீ ஊற்றிக் கொடுத்தான். ஆனால் அந்தச் சொல் நெஞ்சில் தைத்துவிட்டது. அடுத்த வசந்தத்தில் யாரும் தனக்காகக் காத்திருக்கக் கூடாது என்று அன்றே முடிவெடுத்தார்.

செவ்வாயும் வியாழனும் கார் ஷெட்டில் பயிற்சி. பின்சக்கரத்தைத் தாங்கியில் பூட்டி, எங்கும் போகாமல் ஒரு மணி நேரம் மிதிப்பார். எதிரே வெறும் சுவர். அவருடைய மூச்சின் ஈரம் ஜன்னல் கண்ணாடியில் உறைந்து பூப்பூவாக நிற்கும். ஞாயிறுகளில் மலை. ஒரே ஏற்றத்தில் ஆறு முறை ஏறி இறங்குவார். குளிருக்காகக் காலணிக்குள் ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறையைக் காலில் சுற்றிக்கொண்டாலும் விரல் மரத்துப்போகும். நான்காவது ஏற்றத்தில் கால் கெஞ்சும்போது ஷோனாவின் குரலில் தன்னைத்தானே அதட்டுவார்: "நிறுத்துன, கொன்னுடுவேன்!" பிறகு தன் குரலில் பதில் சொல்வார்: "சரி சரி, ஏறிக்கிட்டுத்தான இருக்கேன்."

ஜனவரியில் ஒரு காலை, உறைபனி மூடிய வேரில் சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் தூக்கி எறிந்தது. தோள் தரையில் மோதியது. போனில் சிக்னல் இல்லை. காய்ந்த புதருக்குள் மல்லாந்து கிடந்து, பைன் மரங்களுக்கு மேலே வானத்தைப் பார்த்தார். தான் இங்கே இருப்பது யாருக்குத் தெரியும் என்று யோசித்தார். ஏழு கட்டைவிரல்கள். திங்கட்கிழமை காலை யார் வீட்டுக் கொதிகலனாவது ஆறிக் கிடந்தால், அப்போது தேடுவார்கள். "எந்திரிடா" என்றார். இந்த முறை யார் குரலிலும் இல்லை. எழுந்து, ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு மைல் நடந்தார். மூன்று வாரம் தோளைத் தூக்க முடியவில்லை. நான்காவது ஞாயிறு, ஒன்பது அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வேன் வந்து நின்றது.

ஏப்ரலில் எல்லாரும் வந்தார்கள். கட்டிப்பிடித்தார்கள். "என்னய்யா, பாதியா எளைச்சுட்ட" என்று ராப் அவர் வயிற்றில் தட்டினான். ஏறத் தொடங்கினார்கள். நீலின் கால்கள் தாமாகவே சுழன்றன. இப்போது மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏற முடியும், பக்கத்தில்தான் யாருமில்லை. பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு வளைவு தள்ளி, பிறகு இரண்டு வளைவு தள்ளி. உச்சியில் ஆறு நிமிடம் தனியாக நின்றார். ஷெட்டின் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

ஷோனா வந்து சேர்ந்து, கைப்பிடியில் கவிழ்ந்து மூச்சு வாங்கினாள். அவள் முகத்தில் உண்மையான சந்தோஷம். "அடப்பாவி, எங்கள எல்லாம் முழுங்கிட்டியே! நீ இனிமே சனிக்கிழமை குழுவுக்குப் போயிடு நீல். அவனுங்க உன் வேகம். நிக்கவும் மாட்டானுங்க, பேசவும் மாட்டானுங்க, பறப்பானுங்க. எங்களோட எதுக்கு உருட்டிக்கிட்டுக் கெடக்கணும்?"

"ஆமா, நீ போனா கேக்ல ஒரு துண்டு எங்களுக்கு மிச்சம்" என்றான் ராப்.

"பாக்கலாம்" என்றார் நீல்.

அடுத்த ஞாயிறும் வந்தார். சனிக்கிழமையைப் பற்றி அவரும் பேசவில்லை, யாரும் கேட்கவில்லை. முதல் ஏற்றத்தின் இரண்டாவது வளைவில் அவர் மட்டும் முன்னால். கீழே மரங்களுக்கு நடுவில் ராப் எதற்கோ கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். நீல் சைக்கிளைவிட்டு இறங்கினார். திரும்பி ஒருமுறை பார்த்தார். பாதையோரம் குந்தி உட்கார்ந்து, பின்சக்கர வால்வின் மூடியைத் திருகி எடுத்து, நுனியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பிடித்தார். காற்று சீறி இறங்க இறங்க, கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் நெருங்கி வந்தது. டயர் தரையில் படிகிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை.