குருத்திலைப் படுக்கை

நாலைந்து வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம். திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து ஒரு அக்காவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வலிக்குப் போட்ட மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் கொப்பளித்து, தோல் உரிந்துகொண்டிருந்தது. துணி விரித்தால் புண்ணில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வாழையிலையில்தான் படுக்க வைப்போம். அவர் வீட்டுக்காரர் கொஞ்சம் வாழை போட்டிருந்தார். தினமும் முதல் பஸ்ஸில் இலைக்கட்டோடு வந்துவிடுவார்.

இலையை மாற்றிப் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண்ணில் சீழ் பிடித்து ஆளே போய்விடும். ஆனால் தொட்டாலே அந்த அக்கா அலறுவார். ஒருநாள் என் கையைத் தட்டிவிட்டார்.

"படைச்சவனே தோலை உரிச்சு எடுத்துக்கிட்டான். தடுக்கதுக்கு நீ யாரும்மா? என்னைய விட்டுரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் கொஞ்சம் வாய்க்காரி. அதைப் படைச்சவனிடம் கேட்டுக்கொள்ளுங்கள், என் டூட்டியில் யாரையும் விட மாட்டேன் என்று சொல்லிப் புரட்டியே விட்டேன். அப்புறம் வெளியே போய் அழுதது வேறு விஷயம்.

மறுநாள் அவர் கஞ்சிக்குக்கூட வாய் திறக்கவில்லை. மழையில் தொப்பலாக நனைந்து வந்த வீட்டுக்காரர் கட்டைப் பிரித்தார். எல்லாம் சுருள் விரியாத இளங்குருத்து. விரிந்த இலையெல்லாம் காற்றில் நார் நாராகக் கிழிந்துவிட்டதாம். அந்த அக்கா அதைப் பார்த்ததும் பொங்கிவிட்டார்.

"குருத்தையா வெட்டிக்கிட்டு வாரிய? குலை சிறுத்துப் போகும்லா. புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?"

சாகத் துணிந்தவர் வாழைக்காகச் சண்டை போடுகிறாரே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, தெம்பும் வந்தது. வீட்டுக்காரர் இலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஏட்டி, வெட்டுன குருத்து மறுநாளே தள்ளிக்கிட்டு வரத்தான செய்யுது? உந்தோலும் வரும். புரண்டு படு."

அந்த அக்கா அந்தக் குருத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு என்னிடம், "பைய புரட்டு" என்றார்.

அந்த வாரக் கடைசியில் இலை மாற்றும்போது தோள்பட்டையில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் பிடித்திருந்ததைப் பார்த்தேன். பிறகு குணமாகி, தானே நடந்துபோய்த்தான் வீட்டுக்குப் பஸ் ஏறினார்.

படைப்பு என்றைக்கோ முடிந்துபோன வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது இன்னும் ஷிஃப்ட் போட்டு நடந்துகொண்டிருக்கிறது. அதில் ஒரு ஷிஃப்ட் என்னுடையது என்று நினைத்துத்தான் இன்றைக்கும் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறேன்.