ரூபியின் நாலு உறுமல்

அமெரிக்காவின் ஹாலிஸ் ஊரில் வெண்டல் பேட்ஜெட்டைப் பற்றி யாரைக் கேட்டாலும், "அந்தப் பூமா அவரு பெத்த புள்ள மாதிரி" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும்.

பல்கலைக்கழகத்தில் புல்வெட்ட வந்த மனிதர் அவர். 1970இல் அணியின் சின்னமாக மலைச்சிங்கம் என்று சொல்லும் பூமாவின் உயிருள்ள குட்டி ஒன்றை வாங்கி, ரூபி என்று பெயர் வைத்து, அதை அவர் தலையில் கட்டினார்கள். கூடவே ஒரு வழக்கமும் முளைத்தது. சனிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்துக்கு முன், எதிரணி வரும் வாசலில் கூண்டை நிறுத்துவார்கள். ரூபி எத்தனை தடவை உறுமுகிறதோ, அன்றைக்கு நம் பையன்கள் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி அத்தனை டச்டவுன் எடுப்பார்களாம். கூட்டமே சேர்ந்து எண்ணும். சொன்னதும் உறுமுவதற்கு அது என்ன வானொலிப் பெட்டியா? வெண்டல்தான் இரும்புக் கம்பி பிடித்த வலது கையை ஓங்கி, கூண்டின் பின்பக்கமாக அதன் விலாவில் குத்துவார். எட்டு வருஷம் குத்தினார்.

பிறகு புல்தரை, குளம், தனி மருத்துவர் என்று ரூபிக்குப் புது இடம் வந்தது. கால்நடை மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டார்கள். கம்பியை எல்லோரும் வசதியாக மறந்துபோனார்கள். வெண்டல் மட்டும் பத்து வருஷமாக அந்தப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் வேலைக்குப் போனார்.

அவர் ஓய்வு பெறும் நாளில், ரூபியின் வேலிக்கு எதிரிலேயே மேடை போட்டுவிட்டார்கள்.

"இன்னிக்கு மைக்குல எல்லாத்தையும் சொல்லிடப் போறேன், ஆர்லீன்" என்றார் மனைவியிடம்.

"சொல்லு, சொல்லு. பத்து வருஷமா சவரம் பண்றப்பல்லாம் கண்ணாடிகிட்ட சொல்லிக்கிட்டுதான இருக்க!"

மேடை ஏறினார். கைதட்டல் அடங்கவில்லை. போதும் என்று வலது கையைத் தூக்கினார். மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த கிழட்டு ரூபி விருட்டென்று எழுந்து பின்சுவருக்கு ஓடி, காதுகளை மடக்கி, வயிறு தரையில் பட ஒடுங்கி உறுமியது.

"ஒண்ணு!" என்று கூட்டம் கத்தியது.

"பாத்தீங்களா, அவரை மறக்கவே இல்ல!" என்று துள்ளினான் மாணவர் தலைவன். "நாளைக்கு ஆட்டம் இருக்கு சார், இன்னும் மூணு வாங்கிக் குடுங்க!"

சொல்ல வந்தது நாக்கு நுனியில் நின்றது. முன்வரிசையில் ஆர்லீன் கை தட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் பேர் காலால் தரையைத் தட்டினார்கள். கை தானாக எழுந்துவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். சுத்தப் பொய். அவர்தான் தூக்கினார்.

"ரெண்டு! மூணு! நாலு!"

வீட்டுக்கு ஆர்லீன்தான் கார் ஓட்டினாள். 'ரூபியின் அன்புத் தோழருக்கு' என்று பொறித்த கேடயம் அவர் மடியில் கிடந்தது. பாதி வழியில் அவள் கேட்டாள்: "மொதத் தடவை உனக்குத் தெரியாம நடந்துபோச்சு. சரி. அப்புறம் மூணு தடவை?"

வெண்டல் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சுதான்" என்றார்.