டில்லிபாபுவும் என் டெயில் லைட் மூடியும்

டில்லிபாபு போயிட்டான். இன்னைக்கு விடியக்காலைல, மேனாம்பேடு வீட்லயே... ஹார்ட் அட்டாக்.

அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரே கம்பெனில எனக்குப் பக்கத்து லேத். பதினாறு வருஷம்.

ஆனா ஊருக்கு அவனைத் தெரிஞ்சது வேற வேலைக்காக. உடைஞ்ச பிளாஸ்டிக்கை ஒட்டுவான். இண்டிகேட்டர், மீட்டர் மூடி, ஹார்ன் கவர்... ஸ்பேர் கிடைக்காத பழைய ஸ்கூட்டருக்கெல்லாம் அவன்தான் கதி. இன்ஸ்டன்ட் கம் ஒரு சொட்டு, மேல ஆப்ப சோடா ஒரு சிட்டிகை, அப்புறம் உப்புத்தாள். விரிசல் எங்க இருந்துச்சுன்னு நாமதான் தேடணும்.

எனக்குப் பொறாமை. செத்தவன்கிட்ட மறைக்க என்ன இருக்கு... லேத்துல நான்தான் சீனியர். ஆனா டீ டைம்ல உடைஞ்ச மூடியோட வர்றவன் எல்லாம் என்கிட்டயே, "டில்லி அண்ணாத்தே எங்க கீறாரு?"ன்னு கேப்பான்.

93 இல்ல 94. எங்க கம்பெனில ஆயுத பூஜைக்கு வண்டிங்களை கேட்ல வரிசையா நிறுத்துவாங்க. இருக்கறதுலயே லட்சணமான வண்டி முதல்ல நிக்கும், அதுக்கு முதலாளி கையால மாலை. மூணு வருஷமா டில்லி வண்டிதான் முதல். அந்த வருஷம் எங்க அப்பாவோட ஸ்கூட்டரை அங்க நிறுத்தியே ஆகணும்னு எனக்கு வெறி.

முந்தின நாள் காலைல கழுவும்போது டெயில் லைட்டோட சிவப்பு மூடி ரெண்டா போச்சு.

"டில்லி அண்ணன்கிட்ட குடுத்தா ஒரு நிமிஷ வேலை"ன்னா என் மனைவி சரளா. அவ மேல எரிஞ்சு விழுந்தேன். நானே ஒட்டி, தூசி படக்கூடாதுன்னு டிபன் பாக்ஸ்ல வச்சு இறுக்கி மூடிட்டு டூட்டிக்குப் போனேன்.

சாயங்காலம் திறந்தா பளபளன்னு இருக்கு. லேசா டூத்பேஸ்ட் வாசனை வந்துச்சு... கண்டுக்கல.

மறுநாள் என் வண்டிக்குத்தான் மாலை. டில்லி குனிஞ்சு மூடியைத் தடவிப் பார்த்தான். "இன்னா மாமே, கோடே தெர்ல. எப்டி ஒட்ன?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டான்.

"தொழில் ரகசியம்"னேன். சிரிச்சிட்டுப் போயிட்டான்.

அதைச் சொல்லிச் சொல்லி முப்பது வருஷமா அவன்கிட்டயே பீத்திக்கிட்டேன். போன பொங்கலுக்குக் கூட.

இப்போ கிளம்பறதுக்கு சட்டை மாட்டும்போது சரளா சொல்றா. அன்னைக்கு நான் போனதும் பாக்ஸைத் திறந்து பார்த்தாளாம். கம் ஆவி வெளிய போக வழியில்லாம மூடி முழுக்க வெள்ளையா பூத்துக் கிடந்துச்சாம்.

அந்த வாரம் டில்லிக்கு செகண்ட் ஷிப்ட். வீட்ல இருந்தான். தூக்கிட்டு ஓடியிருக்கா. அவன் பிரிச்சு, திரும்ப ஒட்டி, டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சு, அதே பாக்ஸ்ல வச்சுக் குடுத்திருக்கான்.

"அவனாண்ட சொல்லாத தங்கச்சி. அவனே ஒட்னதா இருந்துட்டுப் போட்டும்."

உன்னை நான் ஜெயிச்சது அந்த ஒரு தடவைதான்டா டில்லி. அதையும் எடுத்துக்கிட்ட.

நாலு மணிக்கு எடுக்கறாங்களாம். அந்த ஸ்கூட்டர்லதான் வரேன். மூடில நீ போட்ட ஒட்டு இன்னும் விடல.

போயிட்டு வா மாமே... வயிறு எரியுது.