ரீவி டொக்டரும் அக்காவின் முழங்காலும்

"...உது எல்லாம் எனக்குத் தெரியும், தம்பி. கத்தி வைச்ச பிறகு நான் திரும்ப நடப்பனோ எண்டு மட்டும் டொக்டரிட்டக் கேட்டுச் சொல்லு."

அக்கா கேட்கச் சொன்ன ஆள் டொக்டரே இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் முப்பது வருடங்களுக்குக் கிட்ட அறுவைச் சிகிச்சை நிபுணராக நடித்தவர். நாங்கள் இருக்கிற மார்க்கம் நகரத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இருந்து ரசிகர்களுக்குப் படத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கட சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, பாருங்கோ. கலியாண மண்டபத்தில் ஒரு டொக்டரைக் கண்டால் போதும், சாப்பாட்டு வரிசையிலேயே உடம்பு வருத்தத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவோம். அதற்காக நடிகரிடமுமா என்று நான் காரில் வரும்போதே கேட்டேன். "நடிகன்தான். ஆனா முப்பது வருசம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நிண்ட மனுசன்" என்றார் அக்கா.

பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை செய்த காலத்தில், பின்னேரம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வருமுன் அக்கா பார்த்த தொடர் அது. அந்த டொக்டர் ஒவ்வொரு முறை கலியாணம் கட்டும்போதும் எனக்குப் போன் எடுத்து, இதுவும் சரிவராது என்பார். அக்கா சொன்னது ஒருமுறையும் பிழைத்ததில்லை.

இப்போது அக்காவின் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் கால் வளைந்து பிறகு கஷ்டமாகிவிடும் என்று எலும்பு நிபுணர் சொல்லிவிட்டார். சம்மதம் என்று அக்கா ஒரு சொல் சொன்னால் திகதி கொடுப்பார்கள். அக்கா முதலில் பனிக்காலம் என்றார், பிறகு பேத்தியின் அரங்கேற்றம் என்றார், பிறகு மறுபடி பனிக்காலம். இதற்கிடையில் கோயிலுக்குப் போவதும் நின்றுவிட்டது.

நான் வெட்கத்தோடு அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னேன். நடிகர் சிரிக்கவில்லை. பேனையை வைத்துவிட்டு அக்காவை ஒரு கதிரையில் இருக்கச் சொன்னார்.

மேடை நாடகத்தில் பெரிய ஆளாக வரவேண்டும் என்றுதான் சின்ன ஊரிலிருந்து நியூயோர்க்குக்கு வந்தாராம். ஒரு வருடம் மட்டும் என்று தொடரில் சேர்ந்தது, அதுவே வாழ்க்கையாகிவிட்டதாம். காலையில் பாடமாக்கிய வசனம் பின்னேரம் மறந்துபோகுமாம். ஒருமுறை விமானத்தில் ஒரு பெண் மயங்கி விழ, எல்லோரும் இவரைத்தான் திரும்பிப் பார்த்தார்களாம். பின் வரிசையிலிருந்து ஒரு தாதி எழும்பி வரும்வரை அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். தனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான் என்றார். தொடரில் அந்த டொக்டர் தீயில் செத்துப்போன பிறகு, கடையில் முன்பின் தெரியாதவர்கள் வந்து இவரிடமே துக்கம் விசாரிக்கிறார்களாம்.

பிறகு காற்சட்டையை முழங்காலுக்கு மேலே இழுத்துக் காட்டினார். நீளமாக ஒரு தழும்பு. போன வருடம் மாற்றினதாம். முதல் நாள் இரவு நித்திரையே இல்லையாம், அவ்வளவு பயமாம்.

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

"உவருக்குமோ?" என்றார் அக்கா.

"ஓம், உவருக்கும்தான்."

பயம் என்ற சொல்லை நாங்கள் ஒருவரும் அதுவரை அக்காவுக்கு முன்னால் எடுத்ததில்லை. நிபுணர் படம் கீறி விளக்கினார், மருமகன் இன்ரநெற்றில் தேடிக் காட்டினான், நான் ஏசிப் பார்த்தேன். எல்லோரும் முழங்காலைப் பற்றித்தான் கதைத்தோம். கத்தியைப் பிடிக்கிற மாதிரி அத்தனை வருடம் நடித்த மனிதர், தானும் பயந்ததாகச் சொன்னபோது அக்காவின் முகம் இளகியதை நான் பார்த்தேன்.

வரிசையில் நின்றவர்கள் பொறுமையிழக்கத் தொடங்கினார்கள். அக்கா அதைக் கவனிக்கவில்லை. குனிந்து அந்தத் தழும்பை ஒரு விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகு என் போனை வாங்கி, கதிரையில் இருந்தபடியே நிபுணரின் ஒபிசுக்கு அடித்தார். சனிக்கிழமை, மெஷின்தான் பேசியது. அக்கா அதற்குத் தன் பெயரைச் சொன்னார், பிறந்த திகதியைச் சொன்னார், பிறகு ஒப்பரேசனுக்குத் தனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தந்தார்.