சண்டை போடாத தலைவி

பதுளையில் ஒரு மண்டபத்தில் எங்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி நடந்தது. எங்களுக்கு என்றால், வாயால் பேச முடியாமல் போனையோ படப் பலகையையோ வைத்துப் பேசுகிறவர்களுக்கு. எனக்குப் பிறந்ததிலிருந்தே தசை இறுக்கம். சக்கர நாற்காலியில்தான் இருக்கிறேன். நான் பேசினால் அம்மாவுக்கு மட்டும்தான் விளங்கும். மற்றவர்களுக்காகப் போனில் தட்டுவேன். அதற்குள்ளிருந்து ஒரு பெண் செய்தி வாசிக்கிற தமிழில் பேசுவாள். மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் என்னைவிட அவளுக்குத்தான் மரியாதை.

பயிற்சி கொடுக்கக் கொழும்பிலிருந்து வந்தவர் நல்ல மனிதர். குரல் கொடுப்பது எவ்வளவு முக்கியம் என்று காலையிலிருந்து அவரே பேசிக்கொண்டிருந்தார். பகல் சாப்பாட்டுக்கு முன் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, ஒரு தலைவருக்கு என்ன வேணும்? சொல்லுங்க."

தட்டத் தொடங்கினேன். என் விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடிக்க வேண்டும். அவருக்குப் பொறுக்கவில்லை.

"தன்னம்பிக்கை வேணும்னு சொல்றாங்க!"

மண்டபமே கைதட்டியது. சொல்லாத கருத்துக்கு இவ்வளவு பாராட்டு கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. சத்தம் அடங்கும்போது போன் பேசியது: "கழிப்பறைக் கதவுக்குள் என் நாற்காலி நுழையவில்லை. தேநீர் நேரத்திலிருந்து அடக்கிக்கொண்டிருக்கிறேன்."

சாயங்காலம் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் எங்கள் தோட்டத்து மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்குப் புதுத் தலைவர் தேவைப்பட்டது. பழைய தலைவர் ஃபேக்டரி மெஷினில் ஒரு கையை இழந்தவர். "இந்தப் புள்ளையப் போடுவோம். சர்ட்டிபிகேட்டும் இருக்கு, சண்டையும் போடாது" என்று அவரே என்னை முன்மொழிந்தார். நான் நாற்காலியில் இருப்பேன், அவர் பேசிக்கொண்டிருப்பார் என்பது அவர் எண்ணம்.

தலைவியான முதல் கூட்டத்திலேயே, ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று போனைச் சொல்ல வைத்தேன். பிறகு மூலையில் இருந்த ஓர் அக்காவிடம் திரும்பினேன். பாரிசவாதம் வந்து பேச்சுப் போவதற்கு முன்னால், கொழுந்து பறிக்கிற மலையில் அவருடைய குரல்தான் பெரிய குரல். இப்போது மடியில் ஒரு படப் பலகை. கூட்டத்துக்குத் தேத்தண்ணி குடிக்க வருகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

அவர் விரல் பஸ் படத்தைத் தொட்டது.

"பதுளைக்குப் போகணுமா அக்கா?" என்றார் பழைய தலைவர். "மக வீட்டுக்கா? கோயிலுக்கா?"

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். 'நீ', 'பேச்சு', 'போதும்' என்று மூன்று படங்களைத் தொட்டார். கூட்டம் சிரித்து ஓய்ந்த பிறகு, நிதானமாக மிச்சத்தையும் சொன்னார். பஸ் ஆஸ்பத்திரித் திருப்பத்தில் நிற்பதில்லை. கீழே இறங்கி, ஊன்றுகோலோடு அந்த ஏற்றத்தை ஏற வேண்டியிருக்கிறது.

மறுநாள் நாங்கள் இருவரும் பஸ்ஸில் ஏறினோம். அம்மாவும் வந்தார். ஆஸ்பத்திரித் திருப்பத்தில் நிறுத்தச் சொல்லிப் போனில் தட்டினேன். கண்டக்டர் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். சனமும் பார்த்தது. கத்தியிருந்தால் அவரும் திருப்பிக் கத்தியிருப்பார். தட்டுகிறவளிடம் என்ன செய்வது? பஸ் நின்றது. அன்றிலிருந்து தினமும் அங்கே நிற்கிறது.

பழைய தலைவருக்குத்தான் மனக்குறை. "அந்தப் புள்ள முன்னுக்கு யாருமே வாயத் தொறக்க முடியல" என்று லயம் லயமாகச் சொல்லித் திரிகிறார். அடுத்த தேர்தலில் என்னை மாற்ற வேண்டுமாம். தனக்கு ஆதரவு கேட்டு அக்காவிடமும் போயிருக்கிறார். அக்கா பலகையை எடுத்து, அதே மூன்று படங்களைத் தொட்டாராம்.