பன்னிரண்டாவது ஆட்டம்

நெல்லித்தோப்பில் ஒரு முதியவரைக் காலையிலிருந்து மாலை வரை பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. எல்லார் கையிலும் செல்போன் வரத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் பிரான்சில். அவரை நான் பிரெஞ்சு வழக்கப்படி முசியே என்று கூப்பிடுவேன்.

இளம் வயதில் அவர் இங்கே ஒரு மில்லில் பிட்டராக இருந்தார். புதுத் தறிகளைப் பழகிவர மில் அவரை இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஊருக்கு அனுப்பியது. ஆகஸ்டில் போய் ஏப்ரல் கடைசியில் கப்பல் ஏறினார். அங்கே கூட வேலை செய்தவர்கள் சனிக்கிழமை மதியங்களில் அவரை ரக்பி பார்க்க இழுத்துப்போனார்கள். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி. கோல் அடித்தால் இரண்டு, கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றினால் மூன்று. அந்த ஊர் அணி சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய பதினெட்டு ஆட்டங்களையும், இரு பக்கமும் எடுத்த புள்ளிகளோடு, ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பன்னிரண்டாவதற்கு நேரே மட்டும் எண் இல்லை, ஒரு கோடு. குளிர்காலத்தில் தரை உறையாமலிருக்க மைதானத்தில் வைக்கோல் பரப்பி, ஆட்டத்துக்கு முன் எடுப்பார்களாம்; அன்று அதையும் மீறித் தரை உறைந்துபோனதாம். தள்ளி வைத்த ஆட்டம் நடப்பதற்குள் அவர் கிளம்பிவிட்டார்.

மறதி தொடங்கியபோது கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். "அவருக்கு நல்லா தெரிஞ்ச விஷயத்த தினம் கேளுங்க. தப்ப குறிச்சு வைங்க" என்றார் டாக்டர். தினமும் காபிக்குப் பிறகு முசியே பதினெட்டையும் பார்க்காமல் சொல்வார். நான் நோட்டோடு ஒப்பிட்டு வேறு தாளில் டிக் போடுவேன்.

"டிக் போடறதுக்கா பத்தாவது வரைக்கும் படிச்ச?" என்று கிண்டல் செய்வார்.

ஞாயிறுதோறும் மகள் போன் செய்வாள். "அக்கா, தப்பு ஜாஸ்தியானா சொல்லிடுங்க. பப்பாவ இங்க கூட்டிட்டு வந்துடறேன். தனியா விட முடியாது."

அது அவர் காதிலும் விழுந்தது. "ஒரு குளிர் பாத்தாச்சு, போதும்" என்றார்.

மழைக்காலம் தொடங்கிய வாரம், ஏழாவது ஆட்டத்தைத் தப்பாகச் சொன்னார். பெருக்கல் குறி போட்டேன். அவர் என் பேனாவையே பார்த்தார். யார் முகத்துக்கு நேராகவும் தப்பு என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. குறியை அடித்துவிட்டு டிக் போட்டேன்.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஒருநாள், "எட்டு, ஒண்ணு" என்றார். இரண்டும் மூன்றுமாக ஏறும் ரக்பியில் ஒன்று என்ற எண் வரவே வராது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அதற்கும் டிக் போட்டேன். அரிசி டப்பாவில் வீட்டுச் சாவி கிடந்தது. இரண்டு முறை மனைவியின் பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்டார். மகளிடம், "ரெண்டு தப்புதாங்க" என்றேன்.

பன்னிரண்டாவது மட்டும் தப்பியதில்லை. "வைக்கோல்!" என்று சத்தமாகச் சொல்லிச் சிரிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, "வைக்கோல எடுத்துட்டு இருக்கானுங்க" என்றார். ஜன்னலுக்கு வெளியே தெருதான் இருந்தது. ஆனாலும் டிக் போட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிவிட்டு வந்தேன். நாற்காலி காலி. பீரோ திறந்திருந்தது. அவருடைய பழைய கம்பளிக் கோட்டைக் காணோம். தெருக்கதவும் திறந்து கிடந்தது.

மளிகைக் கடைக்காரர், "கோட்டெல்லாம் போட்டுனு போனாரு. கல்யாணமா முசியேன்னு கேட்டேன். மேட்ச்சாம்!" என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. மெயின் ரோட்டில் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கோட்டு போட்ட பெரியவரைப் பார்த்தீர்களா என்று அன்றைக்குக் கேட்ட அளவுக்கு நான் என் வாழ்நாளில் அந்நிய மனிதர்களிடம் பேசியதில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து, பூட்டிக் கிடந்த ஒரு மைதானத்தின் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவரைக் கண்டேன். ஒரு காலில் ஷூ இல்லை. கோட்டின் இடது கை தோள்வரை கிழிந்து உள்ளே ரத்தம். "பைக்கு தட்டிடுச்சுமா. நல்லவேளை, பின்னாடி வந்த பஸ்காரன் பிரேக் போட்டான்" என்றார் ஆட்டோக்காரர் ஒருவர்.

முசியே என்னைப் பார்த்ததும், "சீக்கிரம் வா! கேட்ட தெறக்க மாட்டேங்கறானுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. கையில் கட்டோடு முசியே எதிரே உட்கார்ந்திருந்தார்.

"எத்தன தப்பு அக்கா?"

"எண்ணவே இல்லங்க" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மழைக்காலத்திலிருந்து போட்ட ஒவ்வொரு டிக்கையும், பஸ்ஸையும். "டிக்கெட் பாக்கறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

"என்னா சொல்றா?" என்றார் முசியே.

"உங்கள கூட்டிட்டுப் போக வராங்க."

அவர் முகம் மலர்ந்தது. "மேட்ச்சுக்கா?"

டிக் போடும் என் கையையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆமென்று தலையை ஆட்டினேன்.