கறை படாத பொம்மை

விருத்தாசலத்தில் எங்களுக்கு வாடகைக்கு விட்ட அந்த வீட்டுக்காரரை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நெட்டையான மனிதர், சிரிப்பே கிடையாது. வீட்டுக்குப் பின்னால் பீங்கான் பொம்மைச் சூளை வைத்திருந்தார். எந்நேரமும் ஒரு பொம்மையைக் கையில் வைத்துத் துண்டு முனையால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

மழை பிடித்ததும், அவருக்கும் எங்களுக்கும் பொதுவான கூடத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு, விரிசல் விட்ட பீங்கான் தொட்டியில் விறகைப் போட்டுக் கொளுத்துவார். "பச்சப் புள்ள இருக்கிற வூடு, கதகதன்னு இருக்கணும்" என்பார். என் மகளுக்கு அப்போது இரண்டு மாதம். புகையில் இருமி இருமி முகமே சிவந்துவிடும். டாக்டர் திட்டியதைச் சொல்லிப் பார்த்தேன். "நாங்கள்லாம் புகையிலதான் வளந்தோம்" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

ஒரு நாள் சூளைக் கொட்டகை ஒழுகியது. வர்ணம் தீட்டாத வெள்ளைப் பொம்மைகளைக் கூடத்தில் அடுக்கியிருந்தார். விறகைப் பற்றவைக்கும் முன் அவற்றை ஒவ்வொன்றாகத் தன் அறைக்கு எடுத்துப் போனார்.

"எதுக்குங்க எடுக்கிறீங்க?" என்றேன்.

"புகை பட்டா கறுத்துப்போயிடும்."

"அப்ப எம் புள்ள?"

"புள்ளைய தொடச்சிக்கலாம்மா."

விறகில் தீ பிடித்ததும் குடத்துத் தண்ணீரை அப்படியே தொட்டியில் கவிழ்த்தேன். "வூட்ட காலி பண்ணு!" என்று கத்தினார். "நீங்க சொல்லலன்னாலும் பண்ணத்தான் போறேன்" என்றேன்.

சாமான் ஏற்றிய அன்று அவர் வந்து, என் மகள் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொம்மையை வைத்துவிட்டுப் போனார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பொட்டுக் கறை இல்லை.